ஊசி கடைசி

அடுகோடியில் நான் குடியிருக்கும் சந்தின் முனையில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. மேலே கன்னடத்தில் ஒரு வரி. கீழே தமிழில், 'ஓவர்லாக் போடபடும்'. நடுவே ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது. தமிழில் முதுகலை படித்தவள் என்பதால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். பலகைக்குச் சொந்தக்காரரிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "அந்த எழுத்து இல்லேன்னு யாராவது துணியத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்களா?" என்று கேட்டார். யாரும் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சொந்தக்காரர் எதிர்வீட்டு அக்கா. 'வட்டாரம்' என்று பெங்களூரில் சொல்வார்கள். நடுவே ஒரு முற்றம், சுற்றிலும் ஆறேழு வாடகை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்படிப்பட்ட வட்டாரம் எங்களுடையது. ஒரு பக்கம், மைக்கோ தொழிற்சாலை என்று ஊரே சொல்லிவந்த இடத்தில் இப்போது பாஷ் நிறுவனத்தின் புதிய கட்டடங்கள். இன்னொரு பக்கம் கோரமங்களாவின் காபிக் கடைகள். நடுவில் நாங்கள். அக்காவுக்கு ஊர் தருமபுரிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர். அவர் வீட்டு முன்னறை ஜன்னலை ஒட்டி அந்த ஓவர்லாக் எந்திரம் இருக்கிறது. ஆறேழு கிலோ எடை இருக்கும். பின்னால் நான்கு நூல் கோன்கள், அவற்றுக்கு மேலே ஆன்டெனா மாதிரி ஒரு கம்பி. இரவு ஒன்பது மணிக்கு அது ஓட ஆரம்பித்தால் என் மொழிபெயர்ப்பு வேலைக்கும் அதுதான் பின்னணி இசை. அது நின்றால் நானும் பேனாவை வைத்துவிடுவேன்.

ஓவர்லாக் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் உடுத்தியிருக்கும் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு வெளியே, துணியின் ஓரம் பிரியாதபடி நூலால் வேலி கட்டியது போல ஒரு பின்னல் ஓடும். அதுதான். சாதாரணத் தையல் எந்திரத்தில் ஊசி நூலும் அடியில் பாபின் நூலும் மட்டும். இதில் பாபினே கிடையாது. மேல் லூப்பர், கீழ் லூப்பர் என்று இரண்டு வளைந்த கொக்கிகள் துணியின் ஓரத்தைச் சுற்றி நூலை வளைத்து வளைத்து ஊசியிடம் கொடுத்து வாங்கும். ஊசிக்கு முன்னால் ஒரு ஜோடிக் கத்தி, பிசிறை வெட்டிக்கொண்டே போகும். வெட்டுவது, தைப்பது, ஓரம் கட்டுவது மூன்றும் ஒரே ஓட்டத்தில். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பின்னலாடை ஆலை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் மெரோ 1881இல் இந்த வகை எந்திரத்தை உருவாக்கினார். பின்னல் துணியை வெட்டினால் ஓரத்திலிருந்து கண்ணி கண்ணியாகக் கழன்றுவிடும் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை இல்லையென்றால் திருப்பூர் இல்லை. 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை' என்று திருப்பூர்ச் சுவர்களில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அக்கா பதினாலு வருடம் ஓசூர் ரோட்டில் ஒரு ஏற்றுமதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்லாக் ஆபரேட்டர். 2004இல் சேர்ந்து 2018இல் விலகினார். "கார்மெண்ட்ஸ்" என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். காலையில் கார்மெண்ட்ஸ் போவது, சாயங்காலம் கார்மெண்ட்ஸ் விடுவது. தோள்பட்டை இணைப்பு என்றால் நாள் முழுக்க, வருடம் முழுக்கத் தோள்பட்டை இணைப்பு. அங்கே எந்திரம் நிமிடத்துக்கு 6000 தையல் வரை போடும். வீட்டு எந்திரம் 1300, மிஞ்சிப்போனால் 1500. முதன்முதலில் வீட்டு எந்திரத்தை ஓட்டியபோது, "மாட்டு வண்டியில ஏறின மாதிரி இருக்கு" என்றார். மாட்டு வண்டி என்றாலும் சொந்த வண்டி.

அந்த எந்திரம் வருங்கால வைப்பு நிதிப் பணத்தில் வாங்கியது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2016 பிப்ரவரி 10ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வேலையை விட்டாலும் நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்பது அதன் சாரம். கார்மெண்ட்ஸில் 58 வயது வரை ஓவர்லாக் மிதிப்பவர் யார்? கண்ணும் முதுகும் அதற்கு வெகு முன்பே கணக்கை முடித்துவிடும். ஏப்ரல் 18ஆம் தேதி பொம்மனஹள்ளியில் பெண்கள் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஓசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய சங்கம் எதுவும் கூப்பிட்டு வந்த கூட்டமல்ல அது. ஆயிரக்கணக்கில் பெண்கள். நகரத்தின் தெற்குப் பக்கம் ஸ்தம்பித்தது. மறுநாள் தடியடி, கண்ணீர்ப் புகை, எரிந்த பஸ்கள் என்று நிலைமை முற்றியது. அன்றே அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

அந்த இரண்டு நாளும் நான் ஆங்கிலத்தில் வந்த செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 'போக்குவரத்து பாதிப்பு' என்று தலைப்பு கொடுத்ததாக நினைவு. அந்தப் போக்குவரத்தை பாதித்தவர்களில் ஒருவர் எதிர்வீட்டில் இருக்கிறார் என்பது இரண்டு வருடம் கழித்து, அவர் வேலையை விட்டு, விதிப்படி இரண்டு மாதம் வேலையில்லாமல் காத்திருந்து, முழுப் பணத்தையும் எடுத்த பிறகுதான் தெரியவந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம், ஒரு பழைய கடன் போக மிச்சத்தில் இந்த எந்திரம். "ரோட்டுல உக்காந்து வாங்கினது" என்று சிரிப்பார்.

போன மே மாதக் கடைசியில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது.

மே மாதக் கடைசி என்றால் பள்ளிச் சீருடைக் காலம். அக்கம்பக்கத்தில் நான்கு டெய்லர்கள் இவரிடம்தான் ஓவர்லாக் கொடுக்கிறார்கள். 60 ஜோடிச் சீருடைகள் மூட்டையாக வந்து கிடந்தன. எந்திரமோ நாலு அங்குலம் ஓடும், ஒரு தையலை விடும், நூலை அறுக்கும். கோத்து மறுபடி ஓட்டினால் மறுபடி அறுக்கும். மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். எடுத்துக்கொண்டு போய் நான்கு நாள் வைத்திருந்து, காசும் வாங்கிக்கொண்டு, லூப்பர் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்குவதே மேல் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு சத்தம் இல்லாததால் எட்டிப் பார்த்தேன். அக்கா எந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"திரும்ப கார்மெண்ட்ஸுக்கே போயிடலாம்னு பாக்கறேன்மா" என்றார். 52 வயதில்.

பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். எந்திரத்தோடு வந்த கையேடு. பளபளப்பான தாள், சின்ன எழுத்து, முழுக்க ஆங்கிலம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "நீ எழுதறவதானே, இதுல என்ன சொல்லியிருக்கான்னு பாத்துச் சொல்லு."

நான் என் பங்குக்குத் தவறு செய்தேன். படித்துச் சொல்லாமல் மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து வருடப் பழக்கம். லூப்பருக்கு 'கண்ணியிடுவி' என்று ஒரு சொல் செய்தேன். நல்ல சொல் என்று இப்போதும் நினைக்கிறேன். டிஃபரென்ஷியல் ஃபீட் என்பதற்கு 'வேறுபாட்டு ஊட்டம்'. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் தையல்காரர்களுக்குத் 'துன்னகாரர்' என்று பெயர். அந்தத் 'துன்ன'த்தை எங்காவது நுழைத்துவிட வேண்டும் என்ற சபலமும் இருந்தது. தையல் என்ற சொல்லுக்கே பெண் என்றொரு பொருள் உண்டு, அதைச் சொல்லி அக்காவை மகிழ்விக்கலாம் என்றும் தோன்றியது. மறுநாள் காலை இரண்டு பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"கண்ணின்னா எலிக்கு வைக்கறதா?" என்றார். ஊட்டம் என்றதும் ராகிக் கஞ்சி நினைவுக்கு வந்திருக்கிறது. நான் காகிதத்தை மடித்து வைத்தேன். எந்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு, நான் ஒரு வாக்கியம் படிக்க, அவர் அந்தப் பாகத்தை விரலால் தொட்டுக் காட்ட, அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதை எழுதுவது என்று முடிவாயிற்று. லூப்பர் லூப்பராகவே இருந்தது. துணியைத் தள்ளும் ரம்பப் பட்டைக்குப் பல் என்று பெயர். டென்ஷன் டென்ஷன்தான், அதற்குத் தமிழ்நாட்டில் வேறு சொல் தேவைப்படும் காலம் போய்விட்டது.

முன் மூடியைத் திறக்கச் சொன்னது கையேடு. அக்கா தயங்கினார். திறந்து நூல் கோக்கத் தெரியாதவர் அல்ல, தினமும் திறப்பதுதான். அதற்கும் உள்ளே, ஸ்க்ரூவைக் கழற்றி ஊசித் தட்டை எடுக்கச் சொன்னபோதுதான் கை பின்வாங்கியது. தொழிற்சாலையில் அது மெக்கானிக் வேலை. ஆபரேட்டர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக் கூடாது, டென்ஷன் திருகைத் திருப்பினால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். எந்திரம் நின்றால் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மெக்கானிக் மற்ற லைன்களைப் பார்த்துவிட்டு வரும்வரை போன நேரம் அன்றைய டார்கெட்டில் கழியாது. பதினாலு வருடம் அந்த எந்திரத்தோடு வாழ்ந்தவருக்கு அதன் வயிற்றைப் பார்க்க அனுமதி இருந்ததில்லை.

தட்டை எடுத்தோம். அடியில் பஞ்சு, தலையணைக்குப் போதுமான அளவு. வெட்டிக்கொண்டே தைக்கும் எந்திரமாதலால் சாதாரண மெஷினைப் போலப் பல மடங்கு தூசு இதில் சேரும். பல்லின் இடுக்கில், கத்திக்குப் பின்னால், லூப்பர்களின் காலடியில் கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது. நான் வாயால் ஊதப் போனேன். கையேடு தடுத்தது: ஊதினால் தூசு இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரமும் சேரும். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் வாரி வாரி எடுத்தோம். பிறகு லூப்பர்களை ஆட்டும் இணைப்புகளில் ஒரு சொட்டு எண்ணெய். தையல் எந்திரத்துக்கென்றே விற்கும் நிறமில்லாத எண்ணெய். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு. என் அம்மா தன் கால் மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் விடுவார். பெங்களூர் மார்கழிக் குளிரில் அது உறைந்துபோய், பொங்கலுக்குள் பாவாடை தைத்து முடிக்க முடியாமல் அடுப்புப் பக்கத்தில் மெஷினை நகர்த்திவைத்த வருடங்கள் உண்டு.

இருந்தும் தையல் விட்டது. அடுத்த வரியைப் படித்தேன்: ஊசியை மாற்றுக. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்று தையல்காரர்கள் சொல்வார்கள், எல்லோரும் செய்வதில்லை. "இந்த ஊசி எப்ப மாத்தினதுக்கா?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. கணக்குப் பார்த்தால் ஏழு மாதம் ஆகியிருந்தது.

கஞ்சத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ஊசி முறிந்தால் முறிந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். சட்டைக்குள் இரும்புத் துணுக்கு போய்விடக் கூடாது என்று வெளிநாட்டு வியாபாரிகள் வைத்த விதி, நியாயமான விதிதான். துண்டுகளை ஒரு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லையென்றால் லைன் முழுக்க நின்று தேடும். அதற்குள் வாங்க வேண்டிய வசை எல்லாம் வாங்கியாகிவிடும். "புது ஊசி கேக்கறதுன்னாலே வயித்தக் கலக்கும்" என்றார் அக்கா. சொந்த வீட்டில், சொந்த எந்திரத்துக்கு, சந்து முனைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஊசியை வாங்க ஏழு மாதமாக அவருக்கு மனம் வரவில்லை. முனையை நகத்தில் உரசிப் பார்த்தேன். மழுங்கிக் கொக்கி போட்டிருந்தது.

புது ஊசி போட்டதும் தையல் விடுவது நின்றது. நூல் அறுப்பது நிற்கவில்லை. அதுவும் எப்போதும் கீழ் லூப்பர் நூல்.

அதற்கான விடை கையேட்டில் பெட்டி கட்டிப் போட்டிருந்தது. இந்த எந்திரத்தில் நூல் கோப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேல் லூப்பர், பிறகு கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள். ஊசியில் நூல் இருக்கும்போதே கீழ் லூப்பருக்குக் கோத்தால் ஊசி நூல் லூப்பருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அறுந்துவிடும். எனவே கீழ் நூல் அறுந்தால் ஊசி நூலையும் உருவிவிட்டு, கீழே கோத்து, பிறகு ஊசிக்கு வர வேண்டும். அக்கா கீழ் நூலை மட்டும் கோத்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் யாரும் முதலிலிருந்து கோப்பதில்லை. பழைய நூலின் நுனியில் புது நூலை முடிந்து இழுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்வதுதான். அந்த முடிச்சு வித்தை வீட்டு எந்திரத்துக்கும் பொருந்தும். டென்ஷனைப் பூஜ்யத்தில் வைத்து இழுக்க வேண்டும், முடிச்சு ஊசிக் காதில் நுழையாது என்பதால் ஊசிக்கு முன்னால் வெட்டிக் கோக்க வேண்டும். ஆனால் நடுவில் அறுந்த நூலுக்கு அது உதவாது.

"ஊசி கடைசி" என்றார். இரண்டு முறை சொல்லிக்கொண்டார். ஊசி நூல்களை உருவினார். மேல், கீழ், வலது ஊசி, இடது ஊசி. கையால் சக்கரத்தை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு பெடலில் கால் வைத்தார். ஒரு கால்சட்டையின் முழு நீளமும் ஓடியது. அறவில்லை.

அதோடு தைக்க உட்கார்ந்துவிடுவார் என்று பார்த்தால், கையேட்டில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டார். இரவு பதினொன்றரை. அந்த 'வேறுபாட்டு ஊட்டம்' பக்கத்தைப் படித்தேன். இந்த எந்திரத்தில் துணியைத் தள்ளும் பல் ஒன்றல்ல, இரண்டு, முன்பல், பின்பல். ஒரு திருகைத் திருப்பி முன்பல்லைப் பின்பல்லைவிட வேகமாகத் தள்ளவைக்கலாம், மெதுவாகவும் தள்ளவைக்கலாம். பனியன் துணி இழுபட்டு அலை அலையாக வந்தால் எண்ணை ஒன்றுக்கு மேலே ஏற்ற வேண்டும். மெல்லிய துணி சுருங்கினால் ஒன்றுக்குக் கீழே இறக்க வேண்டும். அக்கா கணவரின் பழைய பனியனை எடுத்து வந்து கத்தரித்தார். 0.7, 1, 1.5, 2 என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஓட்டினார். ஒன்று அலையாக நெளிந்தது, ஒன்று பலகை மாதிரி படுத்தது, கடைசித் துண்டு கொசுவமாகச் சுருங்கியது. நான்கையும் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருஷம் இந்தப் பல்லு மேலதான் துணி ஓட்டினேன். ரெண்டு பல்லுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அது உத்தரவாத அட்டை.

60 ஜோடிச் சீருடையும் பள்ளி திறப்பதற்குள் முடிந்தன. கடைசி மூன்று இரவு நானும் கூட உட்கார்ந்தேன். ஓவர்லாக்கின் முனையில் வால் மாதிரி நூற்சங்கிலி தொங்கும். அதை அப்படியே வெட்டினால் பிரிந்துவிடும். பெரிய கண் உள்ள ஊசியில் கோத்துத் தையலுக்குள்ளேயே பின்னால் இழுத்து மறைக்க வேண்டும். அந்த வால் வேலை எனக்கு. டெய்லர் தைத்து மறைத்துவிடும் ஓரங்களுக்கு அது தேவையில்லை என்று முப்பது சட்டை முடிந்த பிறகு சொன்னார். அப்புறம் ஏன் செய்யவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "ஆசையா செஞ்சிட்டிருந்தே" என்றார்.

இப்போது எந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து, அவருடைய சொற்கள். என் மொழிபெயர்ப்பு வாழ்க்கையில் இவ்வளவு பேர் திருத்திய பிரதி வேறு இல்லை. நான்கு டெய்லர்களும் வந்து ஆளுக்கொரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் மினி ஓவர்லாக் வைத்திருக்கும் ஒரு பெண் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அவருடையது மூன்று நூல் மெஷின், ஒரே ஊசி. கோக்கும் வரிசைக்கு உங்கள் கையேட்டையும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். மாதம் ஒரு ஊசிப் பாக்கெட் வாங்குகிறார் அக்கா. கழற்றிய ஊசிகளை ஒரு மருந்துப் புட்டியில் போட்டுவைக்கிறார். முறிந்தவற்றை மட்டும் ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுகிறார். யாருக்குக் காட்ட என்று கேட்டேன். "சும்மா" என்றார்.

போன வாரம் நான் ஒரு தப்புக் காரியம் செய்துவிட்டேன். என் திரைச்சீலை ஒன்றுக்கு ஓரம் போடக் கொடுத்தேன். மடிப்பு நிற்பதற்காகக் குத்திய குண்டூசி ஒன்றை எடுக்க மறந்திருக்கிறேன். ஓவர்லாக் ஓட்டத்தில் குண்டூசி வந்தால் சாதாரண மெஷின் போலத் தாண்டிப் போகாது. நேராகக் கத்தியில் போய் நிற்கும். ஒரு சத்தம் கேட்டது. அக்கா காலை எடுத்தார். குண்டூசியின் இரண்டு துண்டையும் தேடி எடுக்கும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ்க் கத்தியில் மயிரிழை அளவு ஒரு பள்ளம். அந்த இடத்தில் மட்டும் துணி வெட்டுப்படாமல் ஒரு நூல் நீட்டிக்கொண்டு வருகிறது.

நாளைக்கு ராஜா மார்க்கெட் பக்கம் போய்க் கீழ்க் கத்தி வாங்கி வருவது என் பொறுப்பு. பழைய கத்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறார், மாடல் எண்ணை நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதியிருக்கிறார். மாட்டுவது அவர். கீழ்க் கத்தியின் விளிம்பு ஊசித் தட்டின் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டுமாம். அந்தப் பக்கத்தை இன்னொருமுறை படித்துக் காட்டச் சொல்லிவிட்டார். நான் டார்ச் பிடிக்கலாம். ஸ்க்ரூ டிரைவரைத் தொடக் கூடாது.